மொட்டிலேயே வெட்டிய டாஃபடில்

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற புத்தி எனக்குப் பிறவியிலேயே உண்டு. காப்பெல் என்கிற அமெரிக்க ஊரில், எங்கள் வாடகை வீட்டு வாசலில் அம்மாவும் நானும் மஞ்சளாய்ப் பூக்கும் டாஃபடில் கிழங்குகளை நட்ட நவம்பரிலேயே கவலை தொடங்கிவிட்டது. சின்ன வெங்காயத்துக்கு அண்ணன் மாதிரி இருந்த கிழங்குகளை, முனை மேலே பார்க்கும்படி ஆழமாகப் புதைத்தோம். விஷக் கிழங்கு, அணில் தொடாது என்றாள் அம்மா. எனக்கோ, ஒன்றைத் தலைகீழாக வைத்துவிட்டேனோ, அது மண்ணுக்குள்ளேயே பூத்துவிடுமோ என்று இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம் அப்பாவுக்கு வேலை போயிற்று. விசா அந்த வேலையோடு ஒட்டியிருந்தது. இன்னொரு வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். இதை யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லவில்லை. அப்பா பகலெல்லாம் வீட்டில் இருந்தார், போனில் அளவுக்கு மீறிச் சிரித்துப் பேசினார். நானே புரிந்துகொண்டேன்.

“ஆர் வி கோயிங் பேக், அப்பா?”

“பூ வரட்டும் கண்ணு. அதுக்குள்ள ஏதாவது ஆஃபர் வந்துரும்.”

அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னது. நான் அதைக் கெடுவாகப் பிடித்துக்கொண்டேன். சீக்கிரம் பூக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தவள், பூக்கவே கூடாது என்று வேண்டத் தொடங்கினேன். ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மொட்டுகளைத் தொட்டுப் பார்ப்பேன். பச்சையாக, கெட்டியாக இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

பிப்ரவரி கடைசியில் எங்கள் சோபாவை எடுத்துப்போக ஓர் ஆண்ட்டி வந்தார். வாசலைப் பார்த்தவர், “இதையும் தோண்டிக் குடுத்துருங்களேன்” என்றார்.

“இப்பத் தோண்டக் கூடாதுங்க. பூ முடிஞ்சு, இலை தானா மஞ்சளாகிக் காயணும். இல்லேன்னா அடுத்த வருஷம் பூக்காது” என்றாள் அம்மா.

“அடுத்த வருஷம் நீங்க இங்க இருந்தாத்தானே?”

ஆண்ட்டி சிரித்தார். அம்மாவும் கூடவே சிரித்துவைத்தாள்.

ஆஃபர் எதுவும் வரவில்லை. கிளம்புவதற்கு முந்தின நாள் காலை அம்மா கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தாள். மொட்டைப் பறித்தால் பாவம் என்று ஒருமுறை என் கையில் அடித்தவள், லேசாக மஞ்சள் தெரிந்து தலை சாய்த்திருந்த மொட்டுகளை ஒவ்வொன்றாகக் காம்போடு வெட்டினாள். இலையை மட்டும் தொடவில்லை. எனக்கு ஒரே நிம்மதி. பூக்காமலேயே போய்விட்டன, இனி நாங்களும் போக வேண்டாம்.

மறுநாள் எழுந்து வந்தால், சாமி படங்கள் இருந்த அலமாரித் தட்டு காலியாக இருந்தது. அங்கே ஒரு டம்ளர் தண்ணீரில், ஹீட்டர் சூட்டுக்கு அத்தனை மொட்டும் விரிந்து மஞ்சளாக நின்றன.

நான் அழுதேன்.

“பூவுக்குப் போய் யாராவது அழுவாங்களா?” என்றார் அப்பா, பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே.

டாக்ஸி வந்து நின்றுவிட்டது. அம்மாவைக் காணோம். வெளியே போய்ப் பார்த்தால், பயணப் புடவை நனைய, ஹோஸைப் பிடித்து வெறும் இலைகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். என் அழுகை அங்கேயே நின்றது. திரும்பி வரப்போவதில்லை என்றால் யாராவது செடிக்குத் தண்ணீர் விடுவார்களா?

எப்படியும் காப்பெலுக்குத் திரும்பத்தானே போகிறோம் என்று ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எனக்கு மனசு ஒட்டவே இல்லை; படிப்பைப் பாதியில் நிறுத்தினேன். அம்மாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். அவளும் என்னைப் போலவே, திரும்புவோமா மாட்டோமா என்று தெரியாமல்தான் தண்ணீர் விட்டாள் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.