கூடுவாஞ்சேரியா, மீஞ்சூரா

மயிலாப்பூரில் நாங்கள் குடியிருந்த வீட்டை இடிக்கப்போவதாக உரிமையாளர் சொன்ன நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அந்த வாடகைக்கு அக்கம்பக்கத்தில் வீடே இல்லை. கூடுவாஞ்சேரியா, மீஞ்சூரா என்று நானும் கணவரும் தினமும் பேசினோம். கூடுவாஞ்சேரியில் தண்ணீர் நன்றாக இருந்தது. மீஞ்சூரில் வாடகை குறைவு, தண்ணீர் உப்பு.

ஆழ்வார்பேட்டையில் ஒரு தையல் கடையில் எனக்கு வேலை. இரண்டு ஊரிலிருந்தும் வேலைக்குப் போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். திங்கட்கிழமை விடியற்காலையில் கூடுவாஞ்சேரிக்குப் போய், அங்கிருந்து வேலைக்கு ரயில் ஏறினேன். தாம்பரம் தாண்டியதும் ஒரே நெரிசல். மாம்பலத்தில் இறங்க முடியாமல் கோடம்பாக்கம் வரை போய்விட்டேன்.

மறுநாள் மீஞ்சூரில் ஏறிய ரயிலில், கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"இன்னாக்கா, நின்னுகினே கீற? குந்து."

வீடு தேடும் கதையைச் சொன்னேன்.

"தண்ணி உப்புதாங்க்கா. ஆனா குந்திகினு போலாம்."

சிறிது நேரத்தில் அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டேன். சென்ட்ரலில் அவள்தான் எழுப்பினாள். அங்கிருந்தே கணவருக்கு போன் செய்தேன்.

"மீஞ்சூரே பாத்துடலாம்."

குடிவந்து ஆறு மாதமாகிறது. உப்புத் தண்ணீரில் முடி கொட்டுகிறது. ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும், செல்போனில் வேறு ஊர் வாடகைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.