கில்லி விழக்கூடாத இடங்கள்

கில்லி ஆட்டத்தில் நடுவராக நிற்கிறவனைவிடக் கில்லிக்கு மரியாதை அதிகம். அது காணாமல் போனால் தேடுவதற்காவது நாலு பேர் வருவார்கள்.

உங்களில் யாராவது எந்த ஆட்டத்துக்காவது நடுவராக நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருந்தால், என் அலுப்பு உங்களுக்குப் புரியும். பழைய பட்டுப்புடவை வாங்கி, சரிகை உருக்குகிறவர்களிடம் விற்பது என் பிழைப்பு. பள்ளிக்கூடம் ஒத்துவரவில்லை; ஏமாந்து ஏமாந்து பேரம் கற்றேன், கோபமும் கூடவே வந்துவிட்டது. அறுபதுகளில் ஓரிக்கைக்காரர்களும் சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களும் அமாவாசைக்கு அமாவாசை ஒரு புளியந்தோப்பில் கில்லி ஆடுவார்கள். எல்லாரும் நெசவாளிகள். அன்றைக்குத்தான் தறிக்கு ஓய்வு. குழியிலிருந்து அடித்த கில்லி எங்கே விழுகிறதோ அங்கிருந்தே இன்னும் இரண்டு அடி அடிக்கலாம். அப்புறம் இத்தனை கோல் தூரம் என்று அடித்தவன் கேட்பான், எதிர்க்கட்சிக்காரன் இல்லவே இல்லை என்பான். ஆட்டமே பேரம்தான். நடுவில் நின்று கத்த ஒருவன் தேவைப்பட்டது. இரண்டு பக்கத்திலும் எனக்குச் சொந்தக்காரன் கிடையாது, தொண்டை உண்டு. மாட்டிக்கொண்டேன்.

கிணற்றுச் சுவர்

ஒருமுறை கில்லி கிணற்றுச் சுவரை ஒட்டிப் போய் விழுந்தது. அடித்தவன் ஒரு காலைச் சுவர்மேல் வைத்துக்கொண்டு, கில்லி அடிக்கிற கோலான தாண்டை வீசினான். தாண்டு கல்லில் பட்டு எகிறி, எதிரே நின்றவன் புருவத்தைப் பிளந்தது. தோப்புக்காரர் வந்துவிட்டார். அவர் அதிகம் பேசாத விவசாயி. “இன்னொரு தபா ரத்தமோ சேதமோ பார்த்தேன், முள்வேலி போட்டு மூடிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே நான் சட்டம் போட்டேன். ஆளுக்கோ மாட்டுக்கோ பொருளுக்கோ ஆபத்து வருகிற இடத்தில் கில்லி விழுந்தால் அது ‘ஆகாத இடம்’. எடுத்து ஒரு கோல் பின்னால் வைக்க வேண்டும், ஒரு அடியும் போச்சு. உடனே பேரம் ஆரம்பித்தார்கள். அரை கோல் போதாதா, அடியை ஏன் பிடிக்கிறாய் என்று பிய்த்தெடுத்துவிட்டார்கள். ஓரிக்கைக் கண்ணியப்பன் மட்டும் பேரம் பேசவில்லை. குட்டையான ஆள், ஆனால் அவன் அடித்தால் கில்லி கண்ணுக்குத் தெரியாது. என்னை ஓரமாக இழுத்துப் போய்ச் சொன்னான்: “காலையில குழித்தறியில காலை விட்டா விளக்கு வெச்சப்புறம்தான் எடுக்கிறேன். இந்தத் தோப்பும் போச்சுன்னா, காலு எதுக்கு இருக்குதுன்னே மறந்து பூடும்பா. நீ நல்லாக் கத்து.”

படுத்திருந்த எருது

கத்தினேன். யார் கேட்டார்கள்? தோப்புக்காரரின் எருது நிழலில் படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. கில்லி போய் அதன் பின்னங்கால் மடிப்பில் உட்கார்ந்துகொண்டது. அடிக்க வேண்டியவன் எருதைத் தடவிக் கொடுத்து, “சாதுப்பா இது, ஒரு ஓரமா அடிச்சுக்கிறேன்” என்றான். “ஆகாத இடம்! எடுடா!” என்று நான் போட்ட சத்தத்தில் எருது மிரண்டு எழுந்தது, எல்லாரும் சிதறி ஓடினார்கள். நான் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

எருதைப் பிடித்துக் கட்ட வந்த, தோப்புக்காரரின் வண்டிக்காரன் என்னைத்தான் முறைத்தான்: “அவங்க கோல வெச்சிக்கினு சும்மா நின்னாங்க, மாடும் சும்மா இருந்துச்சு. நடுவுல நீ யாருய்யா?”

பாம்பு

சட்டம் போட்டால் அதை விற்கவும் ஒருவன் வருவான். சின்ன காஞ்சிபுரத்துத் தலைவன் வரதன் அப்படிப்பட்டவன். எதிரி கில்லி புதர் பக்கம் போனால் போதும், “பாம்பு! ஆகாத இடம்!” என்று கூவுவான். எதிரிக்கு ஒரு அடி நஷ்டமாகுமே! இரண்டு முறை நம்பினேன். மூன்றாவது முறை எனக்கு ரத்தம் தலைக்கேறியது. பழம் புடவையில் கில்ட்டுச் சரிகையைக் கண்டுபிடிக்கிறவனிடமா இந்த வேலை? “காட்டுடா உன் பாம்பை” என்று புதரைக் கையால் விலக்கினேன்.

இருந்தது. படம் எடுத்துக்கொண்டு இருந்தது. நான் குழி தாண்டி, கிணறு தாண்டி, ரோட்டில்தான் நின்றேன். எனக்கு முன்னால் ஓடி வந்திருந்த வரதன் மூச்சு வாங்கச் சொன்னான்: “சத்தியமா நான் சும்மாதாம்பா சொன்னேன்!”

திருட்டுப் பாவு

ஆவணி அமாவாசை. கண்ணியப்பன் கொடுத்த அடியில் கில்லி ஆட்கள் தலைக்கு மேல் பறந்து, தோப்பின் கடைசி வரிசை மரங்களுக்கு அப்பால் போய் விழுந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால், அங்கே ஒரு பாவு. தறியில் ஏற்றுவதற்கு முன் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துக் காயவைத்த அரக்குப் பட்டு இழைகள். அமாவாசையில் பாவு போடுவது எங்கள் ஊரில் கேள்விப்படாத காரியம். கில்லி அதற்கு அடியில் கிடந்தது. வந்த வழியில் ஒரு கொத்து இழை அறுந்து தொங்கியது.

“ஆகாத இடம்! எடுத்துப் பின்னால வை! ஒரு அடி போச்சு!” என்று பழக்கத்தில் கத்தினேன். ஒருவனும் திரும்பவில்லை. கண்ணியப்பன் தாண்டைப் போட்டுவிட்டு இழைகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு நின்றான். “பட்டு போச்சேய்யா. யாரு பாவுப்பா இது?” என்றான். வரதன் முகம் சுண்டிப்போனது. முகூர்த்தப் புடவை அவசரம். தெருவுக்குத் தெரியாமல் விடியலில் வந்து கட்டிவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போல ஆட வந்திருக்கிறான்.

அதற்குள் தோப்புக்காரர் வந்துவிட்டார். தொங்குகிற இழையைப் பார்த்தார், கீழே கில்லியைப் பார்த்தார். “யாரு செஞ்சது?” தோப்பு போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கண்ணியப்பன் வாயைத் திறந்தான். வரதன் முந்திக்கொண்டான்: “என் பாவுதாங்க. காலையிலயே அறுந்து பூட்ச்சு. காத்துங்க.” தோப்புக்காரர் அண்ணாந்து பார்த்தார். ஒரு புளிய இலை ஆடவில்லை. “காத்தா?” “ஆமாங்க. நான் பாவு போட்டது மட்டும் எங்க தெருவுக்குத் தெரிய வேணாங்க.”

கண்ணியப்பன் குந்திக்கொண்டு முதல் இழையை முறுக்கிப் பிணைத்தான். வரதன் எதிரே உட்கார்ந்தான். இரண்டு கட்சியும் இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. ஓய்வு நாளில் ஓய்வும் போயிற்று, ஆட்டமும் போயிற்று. தோப்புக்காரர் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கில்லியைக் குனிந்து எடுத்துக் கண்ணியப்பன் மடியில் போட்டார்: “சரி. அடுத்த அமாவாசைக்கு அந்தக் காத்தைக் கொஞ்சம் மெதுவா வீசச் சொல்லு.”

தொண்டை கிழிய நான் சட்டம் பேசிக் காப்பாற்றப் பார்த்த தோப்பை, கடைசியில் காப்பாற்றியது வீசாத ஒரு காற்று.