மாதாவின் போர்வையில் இரண்டு நீலம்

வெல்வெற் துணியை இனங்காண எல்லோருக்கும் தெரியும் என்று நினைப்பு. இரண்டு விரலால் தேய்த்துவிட்டு "இது அசல்" என்பார்கள். தூக்கிப் பிடித்தாலே போதும். வெல்வெற் துவண்டு விழும். பருத்தியில் செய்த வெல்வெற்றீன் விறைத்து நிற்கும். பிளஷ் என்ற துணிக்கு மேல்மயிர் நீளம். குருநகரில் தையல் மெஷினோடு இருபது வருடம் மாரடித்தவள் சொல்கிறேன்.

அதைவிட முக்கியம் மயிர் சாயும் திசை. ஒரே வெல்வெற்றைத் தலைகீழாகப் பிடித்தால் நிறமே மாறிவிடும். வெட்டுமுன் துணியின் பின்பக்கத்தில் சோக்குக்கட்டியால் அம்புக்குறி போடுவேன். ஒருமுறை போடவில்லை.

மலிவான சீத்தைத் துணிக்கே வரிசையில் நின்ற எழுபதுகள். அடுத்த தெருவில் இருந்த அக்கா கோயில் மாதா சிலைக்குப் போர்வை தைக்க நீல வெல்வெற் கொண்டுவந்தார். கடலுக்கு அக்கரையிலிருந்து கள்ளமாக வள்ளத்தில் வந்த துணி. கடலில் காணாமற்போன அவருடைய மகன் மூன்றாம் நாள் உயிரோடு கரைசேர்ந்திருந்தான். அதற்கான நேர்த்திக்கடன் என்றே ஊர் பேசியது. அந்த வாரம்தான் கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளின் சட்டைகள் பதினான்கு என் தலையில் விழுந்தன. இடுப்பு ஒடிந்துபோயிருந்தது. போர்வையை இரண்டு பாதியாக வெட்டி, முதுகில் பொருத்தித் தைத்துக் கொடுத்துவிட்டேன்.

திருநாள் மாலை சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் மாதா வெயிலுக்கு வந்தபோதுதான் தெரிந்தது. முதுகில் ஒரு பாதி கடும் நீலம், மற்றது வெளிறல்.

சொரூபம் கோயிலுக்குள் திரும்பியதும் அக்கா என்னைப் பிடித்தார்.

"பாதிதான் எங்கடை துணி. மற்றப் பாதியை எங்கை பிள்ளை வைச்சனி?"

"இரண்டும் ஒண்டுதான் அக்கா. தடவிப் பாருங்கோ."

தடவினார். வலை இழுத்து, மீனுக்கு உப்புப் போட்டுக் காய்த்த கை. "என்ரை கைக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றார்.

கன்னத்தில் வைக்கச் சொன்னேன். கடும் நீலத்தைக் கீழிருந்து மேலாகவும், வெளிறலை மேலிருந்து கீழாகவும் தேய்த்துக் காட்டினேன். அதே மெதுமை. பிறகு சொல்லத்தானே வேண்டும்.

"ஒரு பாதியைத் தலைகீழாய் வெட்டிப்போட்டன் அக்கா. களைச்சுப்போனன்."

கள்ளி என்று அவர் நினைத்ததற்குக் கோபம்தான் வந்தது. களைப்பு என்று சொன்னபோதுதான் வெட்கமாக இருந்தது. பிரித்துத் தைக்க வேறு துணி கிடையாது, அதையும் சொன்னேன்.

அவர் போர்வையின் ஓரத்தைக் கன்னத்திலிருந்து எடுக்கவில்லை.

"அவன் வந்ததுக்கில்லைப் பிள்ளை இந்த நேர்த்தி" என்றார். "இரண்டு நாள் முழங்காலிலை நிண்டு செபிச்சனான். மூண்டாம் நாள் ஏலாமல் களைச்சு நித்திரையாப் போனன். என்ரை பிள்ளை கடலிலை கிடக்க நான் நித்திரை கொண்டனான். அதுக்குத்தான் இது."

அவர் போர்வையை இழுத்து நேராக்கினார்.

"கிடக்கட்டும். மாத்த வேண்டாம்."