அக்காவின் சைக்கிள் ரிம்

என் அக்கா மாதத்துக்கு ஒருமுறை மேய்ச்சல் நிலத்தில் நின்று, பழைய சைக்கிள் ரிம் ஒன்றைத் தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசுவாள். விழுந்த இடத்தில் மண்டியிட்டு, வட்டத்துக்குள் புல் எவ்வளவு, குளோவர் எவ்வளவு என்று பார்ப்பாள். ஒரு துண்டு நிலத்துக்குப் பத்து வீச்சு. பார்த்து வீசினால் கை தானாகவே நல்ல இடத்துக்குப் போய்விடுமாம். பால் வண்டி ஓட்டும் நான், கேன் ஏற்ற வரும்போது இந்தக் கூத்தைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வேன்.

குளோவர் என்பது தரையோடு படரும் மூன்று இலைச் செடி. காற்றிலிருக்கும் தழைச்சத்தை வேரில் பிடித்துவைத்துப் பக்கத்துப் புல்லுக்கும் கொடுக்கும். வட்டத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு அது இருந்தால் யூரியாவே வேண்டாம் என்பாள் அக்கா. ரொம்பக் கூடினால் மாட்டுக்கு வயிறு உப்பிவிடும். பதினோரு மாடு, ஆறு துண்டு நிலம். அவள் சொன்னால் சொன்னதுதான்.

மாமா வாயில்லாப் பூச்சி. அவருக்கு ஒரே மனக்குறை, ரோட்டோரம் இருக்கும் ஐந்தாம் துண்டு வெளிர்ப் பச்சையாக இருந்ததுதான். போகிறவர் வருகிறவரெல்லாம் வேலியைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, உங்க வீட்டம்மா நிலத்தைப் பட்டினி போடுறாங்களா?" என்பார்கள். அவர் சிரித்து மழுப்புவார்.

மகளுக்குக் குழந்தை பிறந்ததால் அந்த மழைக்காலத்தில் அக்கா மூன்று வாரம் அங்கே போயிருந்தாள். திரும்பி வந்தபோது ஐந்தாம் துண்டு கருகருவென்று முழங்கால் உயரம் நின்றது. எனக்கே கண் நிறைந்துபோனது. அக்கா ரிம்மை வீசினாள். பத்து வட்டத்திலும் புல்தான். விலக்கிப் பார்த்தால், வெயில் படாமல் வெளுத்த குளோவர் கொடிகளில் நாலைந்து இலை. எட்டு வருஷமாகப் பக்குவம் பார்த்து வளர்த்தது. புல் முற்றிக் கம்பியாகும் மாதங்களில் மாடுகளுக்கு அதுதான் நல்ல தீனி.

"யூரியா போட்டீங்களா?"

மாமா தரையைப் பார்த்தார். "ஒரே ஒரு மூட்டைதான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"ஆளாளுக்கு உன்னைப் பத்திப் பேசுறாங்க. என்னைச் சொல்லட்டும், தாங்கிக்குவேன். உன்னைச் சொன்னா என்னால கேட்டுட்டு நிக்க முடியல."

சண்டைக்குத் தயாராக இடுப்பில் வைத்திருந்த அக்காவின் கை இறங்கிவிட்டது. எனக்கு மாமா மேல் பொத்துக்கொண்டு வந்த கோபமும் போன இடம் தெரியவில்லை.

"சரி, வளர்த்தவரே குறைங்க," என்றாள்.

குறைப்பது என்றால், மாடுகளை மேயவிட்டு, புல் நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் உடனே வெளியே ஓட்ட வேண்டும். புல் எழும்ப எழும்ப இதையே திரும்பச் செய்ய வேண்டும். அப்போதுதான் கொடிக்கு வெயில் படும். கொஞ்சம் அசந்தால் மாடு கொடியையும் கடித்துவிடும். மேயும் மாட்டை விரட்ட மாமாவுக்கு என்றைக்கும் மனசு வராது. "பாவம், இன்னும் ரெண்டு வாய்" என்று நிற்கிற ஆள். இந்தத் தடவை விரலால் புல்லை அளந்துகொண்டே நின்று, மாடுகளிடம் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு ஓட்டினார்.

மூன்று மாதம் கழித்து அக்கா ரிம்மை அவர் கையில் கொடுத்தாள். அவர் நல்ல இடமாகக் கண்ணால் தேடினார்.

"ம்ஹூம், திரும்பி நில்லுங்க."

பத்து முறை வீசினார். நாலில் ஒரு பங்கு குளோவர். அக்கா மண்ணிலிருந்து எழுந்து, "பொழைச்சுக்கும்" என்றாள். மாமா ரிம்மைத் தோள்துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன வாரம் நான் கேன் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் துண்டு பழையபடி வெளிர்ப் பச்சை. ரோட்டில் போன ஒருவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்டார். மாமா கதவைத் திறந்து அவரை உள்ளே கூப்பிட்டு, கையில் ரிம்மைத் திணித்தார்.

"திரும்பி நின்னு வீசுங்க. குனிஞ்சு பாருங்க. அப்புறம் எங்க வீட்டம்மாவைப் பத்திப் பேசலாம்."

எனக்குத் தெரிந்து அவர் போட்ட முதல் சண்டை அதுதான். வண்டியில் பால் காத்திருந்தது. நான் பத்து வீச்சும் முடியும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.