மாஸ்டருக்கு ஒன்பதாம் மாசம்

அந்தத் தையல் கூடத்தில் பதினொரு வருஷமாக எல்லாரும் அவளை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிச் சீருடைத் துணியை நீள மேசைமேல் அடுக்கடுக்காக விரித்து, அட்டையை வைத்துக் கோடு போட்டு வெட்டுவது அவள் வேலை. தையல்காரிகள் பதினாறு பேரும் அவள் வெட்டிக் கொடுத்ததைத்தான் தைத்தார்கள். அவளுடைய கத்தரியை வேறு யாரும் தொட்டது கிடையாது.

முப்பத்தெட்டு வயதில் முதல் பிள்ளை உண்டானபோதும் அவள் அசரவில்லை. எட்டாம் மாதம் முடியும்வரை வெட்டினாள். அதற்குமேல் வயிறு மேசை விளிம்பில் இடித்தது. நடுத்துணிக்குக் கை எட்டவில்லை. பக்கவாட்டில் நின்று வெட்டிப் பார்த்தாள். ஒரு கட்டுச் சட்டைக்கை முழுக்கக் கோணிக்கொண்டது. மறுநாளே முதலாளியம்மா ஒரு பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

“மூணு வாரம் நாற்காலியில உக்காந்து இவளுக்குச் சொல்லிக் குடு. அப்புறம் நிம்மதியா லீவுல போ.”

வந்தவளுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். ஒல்லி, கை மட்டும் நீளம். மேசைமேல் அப்படியே சாய்ந்து அந்தப் பக்கத்து ஓரத்தைத் தொட்டாள். மாஸ்டருக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. சொல்லிக் கொடுக்க அதிகம் இருக்கவும் இல்லை. பத்தே நாளில் தையல்காரிகள் அவளைச் ‘சின்ன மாஸ்டர்’ ஆக்கிவிட்டார்கள். துணி பற்றிய சந்தேகமெல்லாம் அந்தப் பக்கம் போயிற்று. நாற்காலிப் பக்கம் வந்தவர்கள் வயிற்றை மட்டும் விசாரித்தார்கள்.

“குட்டி உதைக்குதா மாஸ்டர்?”

உதைத்தது. வலது விலாவுக்குக் கீழே, நேரம் காலம் இல்லாமல். “உனக்காவது இடம் தாராளமா இருக்கு,” என்று அவள் வயிற்றிடம் முணுமுணுத்தாள்.

வீட்டில் ஒரே புலம்பல். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் வீங்கிய கால்களுக்கடியில் தலையணை வைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

“நெஞ்செரிச்சல் தாங்கல,” என்றாள்.

“நர்ஸம்மா மருந்து குடுத்தாங்களே. நெஞ்சுக்குத்தான். வயித்தெரிச்சலுக்கு மருந்து இல்லையாம்.”

அவனோடு அன்று முழுக்கப் பேசவில்லை.

அந்த வாரம்தான் கருநீலத் துணி வந்து இறங்கியது. அந்த ரகத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டுத்தான் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு துவைப்பில் கால்சட்டை கணுக்காலுக்குமேல் ஏறிவிடும். மாஸ்டர் அதை விரலால் தேய்த்துப் பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

“அக்கா, இதுல ஏதாவது பாக்கணுமா?” என்று கேட்டாள் புதியவள்.

“என்ன பாக்கணும்? துணிதானே.”

மறுநாள் பரிசோதனைக்குப் போனபோது ரத்த அழுத்தம் ஏறியிருந்தது. குழந்தை தலையைக் கீழே இறக்கிவிட்டது, எடை பரவாயில்லை, தாய்க்குத்தான் ஓய்வு வேண்டும் என்றாள் நர்ஸ். “இன்னையோட வேலைக்கு முழுக்குப் போடுங்க. சாப்பிட்டதும் படுத்துக்கிட்டு அசைவை எண்ணுங்க.”

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கைக்கு நடுவே காது முழுக்கப் போனில் இருந்தது. கூடத்திலிருந்து அலறிக்கொண்டு கூப்பிடுவார்கள், ‘மாஸ்டர், எல்லாம் சுருங்கிப் போச்சு’ என்பார்கள். ஒருநாள் போயிற்று, நாலு நாள் போயிற்று. போன் வாயே திறக்கவில்லை. ஐந்தாம் நாள், முதுகுத் தலையணையை மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லி, கணவனைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள்.

மொட்டைமாடிக் கொடியெல்லாம் கருநீலம் காய்ந்துகொண்டிருந்தது.

சின்னவள் ஓடிவந்து நாற்காலி போட்டாள். “உள்ளங்கை அளவு வெட்டி நனைச்சுப் பாத்தேன்க்கா. நல்லாச் சுருங்குச்சு. நீங்க சொல்ல மறந்துட்டீங்கபோல.”

பொய் சொல்ல நல்ல சந்தர்ப்பம்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் இன்னும் ஏறியது. “மறக்கல,” என்றாள் மாஸ்டர்.

“தெரியும்க்கா.” அவள் கையில் இருந்த நாடாவைச் சுருட்டினாள். “என் இடத்துல ஒருத்தி வந்து நின்னா நானும் வாயத் திறந்திருக்க மாட்டேன்.”

மாஸ்டர் கொடியை அண்ணாந்து பார்த்தாள். இவள் கெட்டவளாகவாவது இருந்து தொலைத்திருக்கலாம். வயிறு கல்லாக இறுகித் தளர்ந்தது. “மடிப்பு ஓரம் கோணுது. வெயிட்டு வச்சுக் காயப் போடு,” என்றாள். முதல்முறையாகச் சொல்லிக் கொடுத்தது அதுதான்.

ஒன்பது நாள் கழித்து, ஒரு மத்தியானம், பெண் குழந்தை பிறந்தது. இரண்டே முக்கால் கிலோ, நிறைய முடி, ஊரைக் கூட்டும் தொண்டை. தையல்காரிகள் திரண்டு வந்து பார்த்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் போய் அழுத குழந்தை, சின்னவள் தோளில் சாய்ந்ததும் கப்பென்று அடங்கிவிட்டது.

“பாருங்க மாஸ்டர், யார்கிட்ட ஒட்டிக்குதுன்னு!” என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டரும் சிரிக்கத்தான் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை. கட்டிலில் எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினாள்.

“போதும், குடு இங்க. அதுக்குப் பால் குடிக்கிற நேரம்.”