ஓர் எழுத்துக்கு நான் சொன்ன பொருள்

நான் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து, உண்மையையே பேசி, ஓர் இளைஞனைச் சிறைக்கு அனுப்பியவன்.

பொய் சொன்னேன் என்றால் நீங்கள் எளிதாக வெறுத்துவிடலாம். எனக்கும் அது இலகுவாக இருந்திருக்கும். ஆனால் அன்று நான் சொன்ன ஒரு வாக்கியத்திலும் பொய் இல்லை... அதுதான் என்னைத் தின்கிறது.

அப்போது, வெள்ளைக்காரர் ஆட்சியில், இலங்கையின் மாத்தளைப் பட்டணத்தில் நான் தமிழ் வாத்தியார். பிள்ளைகளுக்கு இலக்கணம் கற்பித்தேன். சனிக்கிழமைகளில் மலைத்தோட்டத்து வெள்ளைக்காரத் துரைமாருக்கு என் வீட்டில் தமிழ்ப் பாடம் நடத்தினேன். தமிழ் தெரியாமல் தோட்டத்தில் வேலை வாங்க முடியாது. அவர்களுக்கு வேண்டியதும் கொஞ்சம் தமிழ்தான்: வா, போ, வெட்டு, தூக்கு, பேசாதே. கொடுத்த சொற்களோடு அவர்கள் குதிரையேறி மலைக்குத் திரும்பிவிடுவார்கள். மரியாதைச் சொற்களை அவர்கள் கேட்டதில்லை. நானாகக் கொடுத்ததுமில்லை. லயத்து வரிசை வீடுகளில் கிடக்கும் கூலியாட்களுக்கு எதற்கு ‘ங்க’ என்று நினைத்தவன்தான் நானும்.

பெரிய துரைக்கு அடுத்த நிலையில் இருந்த ஒரு சின்னத்துரை மட்டும் வேறு மாதிரி இருந்தான். வயது இருபத்தைந்துக்குள். பாடத்தின் நடுவே கேள்வி கேட்பான்.

ஒரு சனிக்கிழமை என் மனைவி செல்லம் கோப்பி கொண்டு வந்தாள். கோப்பையின் சூடு விரலில் பட்டு முகம் சுளித்தாள். “பாத்துடி, மெல்லமா வையி” என்றேன். அவள் சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். சின்னத்துரை நிமிர்ந்து, அந்த ‘டி’ என்றால் என்ன என்று கேட்டான்.

என்ன சொல்வது? ஒருவன் தன் மனைவியை அழைக்கும் அந்தரங்கத்தை அந்நியனிடம் எப்படி விளக்குவது? எனக்கு வெட்கமாக இருந்தது. பெண்களிடம் பேசும்போது சேர்ப்பது என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அவன் செல்லத்தின் சிரிப்பைப் பார்த்திருந்தான். அன்பான சொல் என்றே மனத்தில் பதித்துக்கொண்டான்.

அதை வெட்கத்தின் பிழை என்று மன்னித்துவிடுவீர்கள். பொறுங்கள், அடுத்ததைக் கேளுங்கள்.

அவனுடைய தோட்டத்தில் செடிகளைக் கிளை கழித்துவிடும் சடையன் என்ற கவ்வாத்துக்காரர் இருந்தார். முன்பு ஒரு மழை நாளில் சின்னத்துரை பள்ளத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தபோது, அவனை முதுகில் சுமந்து பங்களா வரை ஏறியவர் அவர். அந்தச் சடையன் காய்ச்சலில் இறந்துபோனார். கருமாதிக்கு லயத்துக்கே போய், அவருடைய மனைவி மூக்காயியிடம் இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்ல வேண்டும் என்று சின்னத்துரைக்கு ஆசை. எந்தத் துரைக்கு அப்படி ஓர் ஆசை வந்திருக்கிறது!

தான் சேர்த்துவைத்த வாக்கியங்களை என் முன்னால் சொல்லிக் காட்டினான்.

“மூக்காயி, அழாதேடி. உன் புருஷன் செத்துட்டான். அவன் நல்ல கூலி. எனக்கு வருத்தம்.”

சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்த்தான்.

நான் சரி என்றேன்.

ஏன் சொன்னேன்? இத்தனை வருஷமாக என்னையே கேட்கிறேன். நேரமாகிவிட்டது என்பது ஒரு காரணம். லயத்துப் பெண்ணுக்கு இது போதும் என்ற இளப்பம் இன்னொன்று. அவற்றுக்கும் அடியில் வேறொன்று கிடந்தது... எவன் முன்னால் நான் நாற்காலி நுனியில் மட்டும் உட்காருகிறேனோ, அவன் கூலியாட்கள் நடுவே உளறப்போகிறான் என்ற அற்பச் சந்தோஷம். ஆம், உள்ளுக்குள் நான் சிரித்தேன்.

கருமாதி அன்று செத்தவர் கூலி அல்ல. படையல் வைத்துக் கும்பிடும் தெய்வம். மூக்காயி ஒப்பாரியில் “என் ராசா, என்ன விட்டுட்டுப் போனியே” என்று அவரை ஒருமையில் அழைக்கலாம். அது அவளுக்கு மட்டுமே உள்ள உரிமை. அதே ஒருமை வேறு வாயிலிருந்து வந்தால் கன்னத்தில் விழும் அறை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

நடந்ததைப் பிறகு பலர் சொல்லக் கேட்டேன். சின்னத்துரை தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, உறவுக்காரர் எல்லாம் பார்த்திருக்க, பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்திருக்கிறான். யாரும் பதில் சொல்லாததைக் கண்டு, தன் உச்சரிப்புத்தான் பிழை என்று எண்ணி, குனிந்து இன்னும் மென்மையாக “அழாதேடி” என்றிருக்கிறான்.

மகன் முனியாண்டி எழுந்தான்.

“யாரப் பாத்து டி போடுற? எங்கப்பன் செத்தா எங்காத்தாவுக்கு நீ புருஷனா?”

பிடித்துத் தள்ளினான். சின்னத்துரையின் தலை வாசற்கல்லில் மோதி உடைந்தது.

வழக்கு மாத்தளைக் கோர்ட்டுக்கு வந்தது. வாக்கியத்தைச் சரிபார்த்தவன் என்றும், தமிழ் கற்றவன் என்றும் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். நான் ஆங்கிலத்தில் பேசினேன்.

அந்தச் சொற்களில் வசை ஏதும் உண்டா என்று நீதவான் கேட்டார். இல்லை என்றேன். ‘டி’ என்றால் என்ன? பெண்பாலரை விளிக்கையில் சேர்வது என்றேன். இலக்கணப்படி எல்லாம் சரி. சின்னத்துரை தலையில் கட்டோடு என்னை நன்றியுடன் பார்த்தான்.

முனியாண்டிக்கு வக்கீல் இல்லை. சொல்ல ஏதும் உண்டா என்று கேட்டபோது கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

“வாத்தியார் ஐயாவையே கேளுங்க சாமி. அவுங்க வீட்டு அம்மாவ ஒரு வேத்தாளு அப்படிக் கூப்பிட்டா சும்மா இருப்பாங்களான்னு கேளுங்க.”

மொழிபெயர்ப்பாளர் அதைச் சுருக்கினார். வாத்தியார் தன் மனைவியிடம் அந்தச் சொல்லைப் பேசுவாரா என்று கேட்கிறான் என்றார். அந்நியன் என்று பொருள் தரும் ‘வேத்தாளு’ வழியில் விழுந்துவிட்டது. நீதவான் என் பக்கம் திரும்பினார்.

அந்தக் கணத்தில் நான் திருத்தியிருக்கலாம். அவன் கேட்டது அதுவல்ல என்று ஒரு வரி போதும். ஆனால் அந்த வரிக்குப் பின், தெரிந்தே ஏன் சரி என்றாய் என்ற கேள்வி வந்திருக்கும். துரைமார் பாடம் போயிருக்கும். அவமானம் வேறு...

“ஆம், தினமும் பேசுவேன். அன்பாகத்தான்” என்றேன்.

உண்மைதானே! நீதவான் புன்னகைத்தார். முனியாண்டிக்கு ஆறு மாதக் கடூழியச் சிறை.

மூக்காயியைத் தோட்டத்திலிருந்து விலக்கினார்கள். சிறையிலிருந்து வந்த மகனை எந்தத் தோட்டத்துக் கங்காணியும் வேலைக்குச் சேர்க்கவில்லை. கொழும்பில் கப்பலுக்கு மூட்டை தூக்கப் போவதாகச் சொல்லிப் போனவன் திரும்பவில்லை. சின்னத்துரையும் மாறிப்போனான். மனமிரங்கிப் போனால் இந்த ஆட்கள் மண்டையைத்தான் உடைப்பார்கள் என்று முடிவு கட்டினான். பிறகு வந்த பாடங்களில் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அதட்டும் சொற்களை மட்டும் எழுதிக்கொண்டான். நானும் கொடுத்தேன்.

இவ்வளவுதான் என்றால் ஒருவேளை மறந்திருப்பேன்.

மூக்காயி இப்போது பட்டணத்தில் சந்தைக்கடைகள் கூட்டிப் பிழைக்கிறாள். வழக்கு முடிந்த சில மாதங்களில் என்னைத் தெருவில் கண்டு ஓடி வந்தாள். ஏசப்போகிறாள் என்று நின்றேன். அவள் கைகூப்பினாள்.

“எங்களுக்காக அத்தன நேரம் இங்கிலீசுல பேசுனீங்களே ஐயா. எங்க விதி, வெள்ளக்காரன் கேக்கல. நீங்க நல்லா இருக்கணும்.”

என் சாட்சியத்தை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும் என்று அந்தக் கோர்ட்டில் எவருக்கும் தோன்றியிருக்கவில்லை. பின்னால் நின்றிருந்த அவள் பார்த்தது, தமிழன் ஒருவன் கூண்டில் ஏறி நீளமாகப் பேசியதை மட்டும்தான்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? தலையசைத்தேன். பரவாயில்லையம்மா என்றேன்.

இன்றும் முத்துமாரியம்மன் கோயிலை ஒட்டிய சந்தைப் பக்கம் நான் போனால் அவள் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு நிமிர்கிறாள். பக்கத்தில் இருப்பவர்களிடம், “இந்த ஐயாதான் என் மகனுக்காகக் கோர்ட்டுல பேசுனவங்க” என்கிறாள். அவர்கள் மரியாதையாக எனக்கு வழிவிடுகிறார்கள்.

நான் நடந்து போகிறேன்.