ஐந்துக்கு இரண்டு போட்டவரைத் தேடி

2000 பிப்ரவரி. காலை 6.40க்குக் காளப்பநாயக்கன்பட்டியில் பஸ் ஏறினேன். மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்கு ஒன்பது ரூபாய். மடியில் இருபத்துநான்கு மதிப்பெண் படிவங்கள்.

ராணுவத்தில் ஒரு புதுப் பயிற்சி நடந்திருந்தது. யூனிட்டில் வேலை எங்கே சிக்குகிறது என்று ஜவான்களிடம் கேட்டறிந்து மேலதிகாரிக்கு ஆலோசனை சொல்ல ஆட்களைத் தயார்செய்வது. அது தேறியதா என்று மதிப்பிடும் வேலை, எங்கள் சென்னை நிறுவனத்தின் சார்பில், எனக்கு. அறிக்கை நன்றாக இருந்தால் அடுத்த வகுப்பு நடக்கும். என் ஒப்பந்தமும் நீளும். பயிற்சி பெற்ற இருபத்துநான்கு பேரில் இருபத்துமூன்று பேர் அதற்கு ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் இரண்டு. ஹவில்தார் பெரியண்ணன், ஓய்வு பெற்று மலைக்குத் திரும்பியவர். அந்த இரண்டு உறுத்திக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, மலைக்குப் புதுசுங்களா? வவுத்தைக் கலக்குனா முன்னாடியே சொல்லிப்போடுங்க" என்றார் கண்டக்டர். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பதுவரை எண்ணிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன்.

செம்மேட்டிலிருந்து ஜீப், பிறகு நடை. குண்டூர் நாடு என்ற மலைக்கிராமத்தில் பெரியண்ணன் வீட்டை அடைந்தபோது 10.15. தார்ப்பாயில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். அவித்த குச்சிக்கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அந்த ரெண்டுக்காகவா இத்தனை தூரம் வந்தீங்க? பாடம் நல்ல பாடமுங்க. ஜவான்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு சொல்லிக் குடுத்தாங்க. கேட்டதை மேஜர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யாரும் சொல்லித் தரலீங்க. ஒருக்காச் சொல்லிப் பாத்தேன். மூணு மாசம் லீவு கெடைக்கலீங்க."

"மற்றவர்கள் ஐந்து போட்டிருக்கிறார்களே?"

"நிரப்புன பாரத்தைக் கையில வாங்குனதே அந்த மேஜர்தானுங்க. மேல பேரு, நம்பரு, ரேங்கு எல்லாம் எழுதோணும். எனக்கு அதுக்கடுத்த வாரம் பென்சன். பயம் உட்டுப்போச்சு."

கிழங்கைத் தட்டில் வைத்துவிட்டுப் படிவங்களைப் புரட்டினேன். அந்தப் படிவத்தைத் தயாரித்தவன் நான்தான். பெயர், ரேங்க் கட்டங்களை முதலில் வைத்ததும் நான்தான்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "நெசத்தை எழுதுனா வகுப்பை நிறுத்திப்போடுவாங்களா? நிறுத்தப்படாதுங்க. அந்த ஒரு பாடத்தைச் சேக்கச் சொல்லுங்க, சாமி."

மாலை 3.30 பஸ்ஸில் மலை இறங்கினேன். சென்னையில் எங்கள் இயக்குநரும் மாதம் ஒருமுறை எல்லோரையும் நிறுத்தி வைத்து, குறை ஏதும் உண்டா என்று கேட்பார். ஒன்றுமில்லை என்போம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

நாற்பதாவது வளைவில் நோட்டைத் திறந்தேன். "இருபத்துமூன்று படிவங்களும் செல்லாது. பிழை என்னுடையது. பயிற்சி தொடர வேண்டும்; ஒரு பாடம் சேர்க்க வேண்டும்" என்று எழுதினேன். எழுத்து வளைவுக்கு வளைவு கோணிக்கொண்டு போனது. அடியில் என் பெயரையும் பதவியையும் எழுத வேண்டிய இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பயமாகத்தான் இருந்தது. எழுதினேன்.